நீராடுதுறையும் ஓடமும்: சூராவின் ஆனியேர் ஓவியத்தில் காண்போன் இடம்

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா (1859–1891) தம் இருபத்து நான்காம் வயதில் வரைந்து முடித்த பேரோவியம் ஒன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. எண்ணெய் வண்ணத்தால் இயன்ற அது, 201 செ.மீ. உயரமும் 300 செ.மீ. அகலமும் உடையது. ஆங்கில நூலார் அதனை 'ஆனியேரில் நீராடுவோர்' எனக் குறிப்பர். 1884-ஆம் ஆண்டுக் காட்சியில் ஓவியர் இட்ட பெயர் அஃதன்று. அப்பெயரில் உள்ள 'பேன்யாத்' என்னும் பிரெஞ்சுச் சொல் நீராடும் மக்களைக் குறிப்பதன்று. நீராடுதலாகிய செயலையும் அது நிகழும் இடத்தையும் குறிப்பது. அதற்கு நேரான தமிழ்ச்சொல்லைத் தேடி நாம் அலைய வேண்டுவதில்லை. 'நீராட்டு' என்றோ 'நீராடுதுறை' என்றோ கூறின் பொருள் அமையும். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் ஒதுக்கத்தக்கதன்று. 'நீராடுவோர்' என்றவுடன் நம் கண் உருவங்களையே நாடுகின்றது. அவை அசைவற்றிருத்தல் கண்டு ஏமாற்றம் அடைகின்றது. 'துறை' என்று கொள்வோமாயின், கண் முதற்கண் இடத்தை நோக்கும். கரையையும் ஆற்றையும் எதிர்க்கரையையும் இடையே செல்லும் ஓடத்தையும் ஒருசேரக் காணும். மக்கள் நீராட இறங்கும் இடமும் துறையே, ஓடம் வந்து அணையும் இடமும் துறையே என்பது தமிழ் வழக்கு. அவ்விரு பொருளும் ஒருங்கு நிற்கும் ஓவியம் இது.

இவ்வோவியத்தின்மீது நெடுங்காலமாகச் சாற்றப்பட்டு வரும் குற்றம் ஒன்று உண்டு. இதில் உள்ள இளைஞர் உயிரற்ற பாவைகள் என்பதும், வண்ண அறிவியலில் ஈடுபட்ட ஓவியர் மாந்தரை மறந்துவிட்டார் என்பதும் அக்குற்றம். இதற்கு மாறாக, அண்மைக் காலத் திறனாய்வாளர் சிலர் இதனை உழைப்பாளி மக்களின் உரிமைக் குரலாகவே கொண்டு போற்றுவர். இவ்விரு சாராரும் ஓவியத்தில் உள்ள ஒன்றைப் போதிய அளவு கருதவில்லை என்பது எம் கருத்து. அது படகு. இளைஞரும் படகும் ஓர் ஓவியத்தில் எவ்வாறு நிறுத்தப்படுகின்றனர், ஓவியத்தைக் காண்போனாகிய நம்மை ஓவியன் எங்கே அமர்த்துகின்றான் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்டால், பாவைத்தன்மை எனப்படுவது யாதென விளங்கும்.

இளைஞர் படகில் உலாவும் காட்சி சூராவுக்கு முந்திய பத்தாண்டுகளில் பாரிசு ஓவியர்க்கு மிக விருப்பமான பொருளாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. 1837-இல் பாரிசிலிருந்து மேற்கே இருப்புப்பாதை இடப்பட்டு, ஆனியேர் என்னுமிடத்தில் சேன் ஆற்றைக் கடந்தது. நகரத்தார் ஓய்வுநாளில் சிறிது நேரத்தில் ஆற்றங்கரையை அடைதல் எளிதாயிற்று. படகுச் செலுத்துதல் இளைஞரின் பெருவிருப்பான விளையாட்டாகியது. மானே 1874-இல் வரைந்த படகுலா ஓவியத்தில், வெள்ளுடை அணிந்த இளைஞன் ஒருவன் சுக்கானைப் பற்றி அமர்ந்துள்ளான். அருகே ஒரு பெண் சாய்ந்திருக்கிறாள். வானமும் கரையும் அங்கு இல்லை. நீர் ஒன்றே பின்புலம். படகின் பெரும்பகுதி சட்டத்தால் வெட்டப்பட்டுள்ளது. அவ்விளைஞன் நேரே நம்மை நோக்குகின்றான். நாம் எங்கே இருக்கின்றோம்? அதே படகில் இருக்கின்றோம், வேறு இடமில்லை. கைபோத்து 1877–78-இல் வரைந்த ஓவியத்திலும் இதுவே நிலை. நெடிய பட்டுத்தொப்பி அணிந்த ஒருவன் துடுப்பு வலிக்கின்றான். அவனுக்கு எதிர்ப்பலகையில் அமர்ந்திருப்பவர் நாம். ரெனுவார் சாட்டூ என்னும் ஊரில் வரைந்த 'படகோட்டிகளின் விருந்து' (1880–81) படகை மரக்கிளைகளுக்கு அப்பால் தொலைவில் தள்ளிவிடினும், படகோட்டிய இளைஞரை முன்னிறுத்தி, நம்மை அவர்தம் உணவு மேசையருகே அழைத்துச் செல்கின்றது.

இவ்வோவியங்கள் யாவும் இனியவை. மானேயின் ஓவியத்தைச் சூராவின் ஓவியத்திற்குக் கீழ்ப்பட்டதென யாம் கூறவில்லை. இவையெல்லாம் காண்போனுக்குப் படகில் ஓர் இருக்கை தருகின்றன என்பதே ஈண்டு கருதத்தக்கது. அவ்விருக்கைக்குரிய கட்டணத்தைக் காண்போன் செலுத்தியவன் என்றே அவை கொள்கின்றன.

சூரா அவ்விருக்கையை மறுத்தார். அவர் ஓவியத்தில் நாம் புல் நிறைந்த கரையில் இருக்கின்றோம். இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகக் கரை சரிந்து நீரில் இறங்குகின்றது. முதன்மையான உருவங்கள் ஐந்து; கரையில் மூவர், நீரில் இருவர். நமக்கு மிக அண்மையில், வட்டத் தொப்பி அணிந்த ஒருவன் முழங்கையை ஊன்றி, முதுகு காட்டிப் படுத்திருக்கின்றான். அவனருகே பழுப்பு நிற நாய் ஒன்று. நடுவே கரையின் விளிம்பில் ஓர் இளைஞன் சட்டையின்றிக் கூனி அமர்ந்துள்ளான். அவன் கால்கள் நீரில் தொங்குகின்றன. களைந்த உடையும் காலணியும் வைக்கோல் தொப்பியும் பக்கத்தில் கிடக்கின்றன. அவனுக்குப் பின்னால், வைக்கோல் தொப்பியின் நிழலில் முகம் மறைய, முழங்காலை மடக்கி ஒருவன் அமர்ந்திருக்கின்றான். நீரில் நிற்கும் இருவருள் ஒருவன் நமக்கு முதுகு காட்டுகின்றான். மற்றவன் செம்மஞ்சள் நிறத் தொப்பி அணிந்த சிறுவன்; இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூவுகின்றான். ஐவருள் ஒருவரும் நம்மைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவரும் பார்க்கவில்லை.

ஆற்றின் அப்புறத்தே இருப்புப்பாதைப் பாலமும், கிளிசி ஊர் ஆலைகளின் புகைபோக்கிகளும் வெப்பப் புகாரில் மங்கித் தோன்றுகின்றன. நடுவாற்றில் பாய்மரப் படகுகளின் வெண்பாய்கள் சில உள்ளன. வலப்புறத்தே கிராந்து ஜாத்து என்னும் ஆற்றிடைத் தீவின் மரங்கள். அத்தீவின் பக்கமாக ஓர் ஓடம் செல்கின்றது. அதில் நெடுந்தொப்பி அணிந்த ஆடவன் ஒருவனும், வெயிற்குடை பிடித்த பெண் ஒருத்தியும் அமர்ந்திருக்கின்றனர், ஓடக்காரன் ஓட்டுகின்றான், ஓடத்தில் பிரெஞ்சு நாட்டின் மூவண்ணக் கொடி பறக்கின்றது. பாட நூல்களில் உள்ளங்கை அளவாக அச்சிடப்படும் படிகளில் இவ்வோடம் ஒரு புள்ளியாகி மறைந்துவிடும். மூன்று மீட்டர் அகலமுள்ள மூலத்தை இத்தகைய படிகளால் மட்டும் அறிந்து, 'இஃது ஐந்து உருவங்களின் ஓவியம்' எனத் தீர்ப்புக் கூறும் மாணவர்மீது குற்றமில்லை. ஆயினும் அத்தீர்ப்புப் பொருந்தாது.

முன்னோர் ஓவியங்களில் படகு முழுச்சட்டத்தையும் நிரப்பியது. இங்கு அது விரலளவாயிற்று. முன்பு இளைஞர் படகில் இருந்தனர். இங்குக் கரையிலும் ஆழமற்ற நீரிலும் உள்ளனர். முன்பு நாம் படகினுள் இருந்து கரையை மறந்தோம். இங்குக் கரையில் இருந்து படகைப் பார்க்கின்றோம். இம்மாற்றம் தற்செயலாக நேர்ந்ததன்று என்பதற்குச் சூராவின் முன்வரைவுகளே சான்று.

இவ்வோவியத்திற்காகச் சூரா சிறு மரப்பலகைகளில் எண்ணெய் வண்ண வரைவுகள் பத்துக்கு மேற்பட்டவற்றைச் செய்தார். கருங்கோலால் தாளில் வரைந்த படங்கள் வேறு. பலகை வரைவுகளுள் சிலவற்றில், ஆற்றில் குளிப்பாட்டப்படும் குதிரைகளைக் காணலாம். ஒன்றில் ஆற்றின்மேல் வானவில் ஒன்று வளைந்துள்ளது. அவ்வரைவும் இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலேயே உள்ளது. குதிரை அசைவிற்கு உரியது. வானவில் நொடிப்பொழுதிற்கு உரியது. கணத்தில் தோன்றி மறையும் ஒளியைப் பற்றுதலே குறிக்கோளாகக் கொண்ட மனப்பதிவு ஓவியர் எவராயினும் இவ்விரண்டையும் விட்டிருக்கமாட்டார். சூரா இரண்டையும் நீக்கினார். கரைமேல் இருந்த அசைவையும் வானில் இருந்த கணநேர வியப்பையும் அவர் நீக்கிய பின், ஓவியத்தில் அசைவது என எஞ்சுவன நீர்மேல் செல்லும் பாய்களும் ஓடமும், ஆலைப் புகையும் மட்டுமே. கரை நிற்கின்றது; ஆறும் ஆற்றின்மேல் உள்ளவையும் செல்கின்றன. பாவைத்தன்மை எனக் குறைகூறப்படும் அந்நிலை, ஓவியர் அறியாமல் வந்து புகுந்ததன்று. படிப்படியாக அவர் தேடி அடைந்தது.

இனி வண்ணமுறையைச் சிறிது காண்போம். சூராவின் பெயரைக் கேட்டவுடன் புள்ளிகளை நினைத்தல் வழக்கம். 1884-இல் இவ்வோவியம் முடிவுற்றபோது அது புள்ளி ஓவியம் அன்று. புல்வெளியில் தூரிகைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் பின்னப்பட்டுள்ளன. நீரில் அவை கிடைக்கோடுகளாக நீண்டுள்ளன. மேனியில் அவை நெருங்கி மென்மையாகக் கலந்துள்ளன. பொருளுக்கு ஏற்பத் தூரிகையின் நடை மாறுகின்றது. பாட்டின் பொருளுக்கு ஏற்ப ஓசை மாறுதல் போன்றது இது. வண்ண எதிர்மை பற்றி வேதியியல் அறிஞர் செவ்ரல் 1839-இல் வெளியிட்ட நூலைச் சூரா நன்கு கற்றவர். ஒரு நிறத்தின் அருகே மற்றொரு நிறம் நிற்கும்போது இரண்டும் தத்தம் வேறுபாட்டால் மிகுந்து தோன்றும் என்பது அந்நூலின் சாரம். சூரா இக்கொள்கையை விளிம்புகளில் கையாண்டார். நடுவே அமர்ந்த இளைஞனின் ஒளிபட்ட மேனிக்கு அருகே நீர் சற்றே கருமை கொள்கின்றது. நிழல்பட்ட பக்கத்தருகே நீர் சற்றே வெளுக்கின்றது. இதனால் ஒவ்வோர் உருவமும் தன்னைச் சூழ்ந்த ஒரு மெல்லிய ஒளிவேலியுள் நிற்பதுபோல் தோன்றுகின்றது. அறிவியல் இங்கே மாந்தரை மறக்கச் செய்யவில்லை. ஒருவரையொருவர் நெருங்காத மாந்தரைக் காட்டுதற்குக் கருவியாயிற்று.

இங்கு ஒரு தடை எழலாம். சூரா இவ்வுருவங்களைத் தம் பணியறையில் தனித்தனியே மாதிரி மாந்தரை அமர்த்திக் கருங்கோலால் வரைந்து, பின்னர் ஒரே நிலக்காட்சியில் பொருத்தினார். ஆகவே அவர்கள் ஒருவரையொருவர் பாராதிருத்தல் செய்முறையின் விளைவேயன்றிக் கருத்தின் விளைவன்று என்பர். இத்தடையில் உண்மை இல்லாமல் இல்லை. தனித்தனியே வரைந்தது உண்மை. ஆங்கர் என்னும் பேரோவியரின் மாணவரான லேமனிடம் சூரா பயின்றவர். தனியுருவம் வரைந்து பின்னர்த் தொகுத்தல் அப்பள்ளியின் பழைய முறை. ஆயினும் அதே முறையைக் கையாண்டோர் பலர் தொகுக்குங்கால் முகங்களைத் திருப்பியும் கைகளை நீட்டியும் உருவங்களுக்கிடையே உறவு கற்பித்தனர். சூராவும் அவ்வாறு செய்ய வல்லவரே. தலைகளைச் சிறிது திருப்பினால் போதும். ஐவரும் ஒரு குழுவாகியிருப்பர். அவர் திருப்பவில்லை. கருவியால் நேர்ந்ததைக் கலைஞன் கண்டு, ஏற்று, பொருளாக்கிக்கொண்டால் அது அவன் கருத்தேயாகும்.

அங்ஙனமாயின் இவ்விளைஞரிடம் காணப்படும் உணர்வு யாது? இவ்வினாவுக்கு விடை காண, தமிழ் பயில்வோராகிய நம் கையில் மெய்ப்பாட்டியல் என்னும் கருவி உண்டு; உடலிற் புலப்படும் குறியால் உள்ளத்தை அறிதலே அதன் நோக்கமாகலின், முகம் காட்டாத ஓவியத்தை ஆராய அது பெரிதும் உதவும். தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் உவகைக்குரிய நிலைக்களன்களில் விளையாட்டும் ஒன்று. இளமை, கோடை, ஆறு, நீராட்டு என்னும் இவையெல்லாம் கூடிய இடத்தில் உவகையே எதிர்பார்க்கத்தக்கது. ஆயின் இங்கு நகை இல்லை. நீரை வாரி இறைப்பார் இல்லை. ஒருவரையொருவர் துரத்துவார் இல்லை. அதனால் அழுகையோ வெகுளியோ எனின், அவையும் இல்லை. எட்டனுள் எதுவும் முற்றப் பொருந்தாமையால் ஓவியத்தில் மெய்ப்பாடே இல்லை என முடிவு செய்வோர், தொல்காப்பியர் அவ்வெட்டின் பின்னர் வேறு முப்பத்திரண்டனைத் தொகுத்துரைத்தலை மறந்தவராவர். நினைதல், மடிமை, கருதல் என்பன அத்தொகுதியில் உள்ளன. கூனிய முதுகும், தொங்கும் கையும், நீரை நோக்கிய முகமும் உடைய நடு உருவத்திற்கு இவற்றினும் பொருத்தமான பெயர் எமக்குத் தோன்றவில்லை. உழைத்த உடல் ஓய்வெடுக்கும்போது தோன்றும் மடிமையும், தொலைவில் செல்வதைக் கண்டு எழும் நினைதலும் அவ்வுடலில் ஒருங்கே உள்ளன.

பரிபாடலின் வையைப் பாடல்களை இவ்வோவியத்தோடு ஒப்பிட ஆராய்ச்சி மாணவர் சிலர்க்கு விருப்பம் எழக்கூடும். அவ்வொப்பீடு பயன் தராது என்பது எம் எண்ணம். வையைப் புனலாட்டில் ஊரே ஆற்றில் இறங்குகின்றது. ஆரவாரம் அதன் உயிர். ஆனியேரில் ஆரவாரம் செய்யத்தக்கார் ஓடத்தில் சென்றுவிட்டனர். பொருள் ஒன்றாயிருத்தலால் மட்டும் ஒப்பிலக்கியம் பிறவாது.

இவ்விளைஞர் யாவர் என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆலைத் தொழிலாளர் எனப் பலர் எழுதியுள்ளனர். பின்னணியில் ஆலைகள் இருத்தலும், உடைகளின் எளிமையும் அவர்கட்குச் சான்று. ஓவியத்தில் தொழிற்கருவி ஒன்றும் இல்லை. வட்டத் தொப்பியை அக்காலத்தில் கைவினைஞரும் அணிந்தனர், எழுத்தரும் அணிந்தனர். நாள் யாது என்பதும் தெளிவில்லை. புகைபோக்கியில் புகை எழுதலால் வேலைநாள் என்பர் சிலர். இரவு பகலாக இயங்கும் ஆலைகளும் உண்டாகலின் புகை உறுதியான சான்றாகாது. சூராவின் அடுத்த பேரோவியத்தின் பெயரிலேயே ஞாயிற்றுக்கிழமை இடம் பெற்றுள்ளது. இதன் பெயரில் கிழமை இல்லை. எனவே, 'தொழிலாளர்' என்னும் சொல்லை உறுதியாகக் கூறுவதைவிட, ஓவியம் தானே தரும் வேறுபாட்டைக் கூறுதல் தக்கது. அவ்வேறுபாடு தொப்பிகளில் உள்ளது. கரையில் வட்டத் தொப்பியும் வைக்கோல் தொப்பியும்; ஓடத்தில் நெடிய பட்டுத்தொப்பி. கரையில் உள்ளோர் தம் உடம்பால் நீரை அறிகின்றனர். ஓடத்தில் உள்ளோர் நீரின்மேல் நனையாமல் செல்கின்றனர். அவர்களை ஏற்றிச் செல்ல மூன்றாமவன் ஒருவன் உழைக்கின்றான். ஓவியம் முழுவதிலும் வேலை செய்யும் மனிதன் அவ்வோடக்காரன் ஒருவனே என்பதை யாரும் போதிய அளவு எடுத்துரைத்ததாக எமக்குத் தோன்றவில்லை. தொழிலாளரைத் தேடிக் கரையில் உள்ளவர்களின் உடையை ஆராய்வோர், தொழில் நிகழும் இடமாகிய ஓடத்தை நோக்காது விடுகின்றனர். அவ்வோடத்தின்மேல் நாட்டுக்கொடி பறத்தலைக் கண்டு சிலர் எள்ளல் என்பர். ஆற்றில் செல்லும் ஓடங்களில் கொடி கட்டுதல் அக்கால வழக்கமாகவும் இருந்திருத்தல் கூடும். இரண்டும் ஒருங்கே உண்மையாதற்குத் தடையில்லை.

ஓசையற்ற இவ்வோவியத்தில் ஒரே ஓர் ஓசை உண்டு; அது செம்மஞ்சள் தொப்பிச் சிறுவனின் கூவல். அவ்வுருவத்திற்குச் சூரா செய்த கருங்கோல் வரைவு 'எதிரொலி' என்னும் பெயரால் வழங்குகின்றது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஓவியக்கூடத்தில் உள்ளது. செய்யுளின் உறுப்புக்களை எண்ணுமிடத்துத் தொல்காப்பியர் கூற்று, கேட்போர், களன் என்னும் மூன்றனையும் அடுத்தடுத்து வைத்தார். இங்குக் கூற்று உண்டு, களனும் உண்டு. கேட்போர் சட்டத்தினுள் இல்லை. அவன் ஓடத்தை அழைக்கின்றானா, எதிர்க்கரையில் உள்ள எவரையேனும் அழைக்கின்றானா, தன் குரலே திரும்பி வருதலைக் கேட்க விரும்பிக் கூவுகின்றானா என்பது புலனாகவில்லை. அவன் பின்னால் உள்ள தோழர் நால்வரும் அவனை நோக்கித் திரும்பவில்லை. ஓடத்தில் இருப்போரும் கேட்டவராகத் தோன்றவில்லை. மானேயின் இளைஞன் நம்மை நோக்கினான். ஆதலின் அவனுக்குக் கேட்போர் நாமே ஆயினோம். இச்சிறுவனுக்கு நாம் கேட்போராதற்கும் இல்லை. அவன் நமக்குப் பக்கத்தோற்றமே காட்டுகின்றான். நாமும் கரையில் அவனுக்குப் பின்னால் அமர்ந்த மற்றொருவராகி, திரும்பாதோரில் ஒருவராகின்றோம். காண்போனுக்கு இத்தகைய இடத்தைத் தந்த ஓவியத்தைப் 'பாவைகளின் கூட்டம்' எனல் எங்ஙனம்?

அக்கூவலுக்கு விடை அடுத்த ஓவியத்தில் உள்ளது எனக் கருதுதற்கு இடமுண்டு. 1884-இலேயே சூரா தொடங்கி 1886-இல் காட்சிக்கு வைத்த 'கிராந்து ஜாத்துத் தீவில் ஒரு ஞாயிறு' ஏறத்தாழ இதே அளவினது. எதிர்க்கரையின் ஓவியம் அது. ஆனியேர் ஓவியத்தில் பார்வைகள் வலப்புறம் செல்கின்றன. தீவு ஓவியத்தில் பெரும்பாலான பார்வைகள் இடப்புறமாக ஆற்றை நோக்குகின்றன. இரு கரைகளும் ஒன்றையொன்று பார்க்கின்றன எனப் பலர் எழுதியுள்ளனர்; அது சரியே. யாம் கூட்டிச் சொல்ல விரும்புவன இரண்டு. தீவு ஓவியத்தின் பின்புறத்தே ஒருவன் ஊதுகொம்பு ஊதுகின்றான். அக்கரையிலும் ஓசைக்கு மூலம் ஒன்றே. முன்புறத்தே, கையில்லாச் சட்டையுடன் புகைக்குழாய் பிடித்து ஒருவன் படுத்திருக்கின்றான். அவன் படகோட்டி என்பது உடையால் தெரிகின்றது. ரெனுவாரின் விருந்தில் மையத்தில் விளங்கிய அவ்வகை இளைஞன், இங்குப் பட்டுத்தொப்பிக்காரர் அருகே தரையில் கிடக்கின்றான், அவர்களோடு பேசவில்லை. படகை விட்டு இறங்கியவனுக்கும் கரையில் கிடைக்கும் இடம் இதுவே.

இவ்விரு ஓவியங்களையும் எதிரெதிர்ச் சுவர்களில் மாட்டிக் காணும் பேறு நமக்கு இல்லை. தீவு ஓவியம் சிகாகோ கலைக்கழகத்திற்குச் சொந்தமானது. 1958-இல் நியூயார்க்கு நவீனக் கலைக்கூடத்திற்கு இரவலாக அனுப்பப்பட்டிருந்தபோது அங்குத் தீப்பற்றியது, ஓவியம் தப்பியது. அதன்பின் அஃது எங்கும் அனுப்பப்பெறுவதில்லை. ஆனியேர் ஓவியம் 1924-இல் கோர்ட்டோல்டு நிதியால் இங்கிலாந்திற்கு வாங்கப்பெற்று, 1961-இல் தேசிய ஓவியக்கூடத்திற்கு வந்தது. இரு கரைகளுக்கும் இடையே இன்று இருப்பது அட்லாண்டிக் பெருங்கடல்.

சூராவைப் 'பின்னை மனப்பதிவு ஓவியர்' என வகைப்படுத்தும் பெயரைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். அப்பெயர் இங்கிலாந்துத் திறனாய்வாளர் ரோசர் பிரை 1910-இல் இலண்டனில் நடத்திய காட்சிக்காக ஆக்கியது. சூரா மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்த் தோன்றியது. 'புதிய மனப்பதிவு நெறி' எனப் பெனேயோன் இட்ட பெயரும் 1886-இல் வந்ததே. ஆனியேர் ஓவியம் காட்சிக்கு வந்த 1884 மே மாதத்தில் இரு பெயரும் இல்லை. அரசு சார்ந்த காட்சியின் நடுவர் இதனை ஏற்க மறுத்தனர். தனித்தியங்கிய ஓவியர் குழுவின் காட்சியில், தூலரி முற்றத்தில் எழுப்பிய தற்காலிகக் கட்டடத்தின் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் மாட்டப்பட்டது. உண்பதற்கு வந்தோர் முன்னே, ஓடத்தைப் பார்த்துக்கொண்டு இவ்விளைஞர் அமர்ந்திருந்தனர். பின்னை நெறி என்பது முன்னதன் ஒளியை விட்டொழித்தது என மாணவர் கொள்ளலாகாது. மானே, மோனே முதலியோர் கண்ட வெயில் இங்கும் உள்ளது. நிழல்களில் நீலம் உள்ளது. மாறியது வெயிலில் நிற்கும் மாந்தருக்கு ஓவியர் அளித்த கால அளவு. அவர்கள் ஒரு கணத்திற்கு உரியவர் அல்லர். ஆலைகளும் பாலமும் போல நிலைத்து அங்கே இருப்பவர். பழங்காலச் சுவரோவியங்களின் பெருமிதத்தைச் சூரா இவர்கட்கு அளித்தார் என்று பலரும் கூறுவர். அப்பெருமிதம் அளிக்கப்பட்டதோடு ஓடத்தில் இருக்கை அளிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

புள்ளிகளால் வண்ணம் அமைக்கும் முறையைத் தீவு ஓவியத்தில் வளர்த்தெடுத்த பின்னர், ஏறத்தாழ 1887-இல், சூரா ஆனியேர் ஓவியத்திற்குத் திரும்பி வந்து சில பகுதிகளைத் திருத்தினார். முழு ஓவியத்தையும் அவர் புள்ளிமயமாக்கவில்லை. நடுவே அமர்ந்தவனின் மேனியைப் புள்ளிமுறைக்கு மாற்றவில்லை. புல்வெளியின் பின்னல் கோடுகளையும் அவ்வாறே விட்டார். வலப்புறத்தில் சிற்சில இடங்களில் மட்டும் தூரிகையின் நுனியை வைத்தார். அவற்றுள் தெளிவாகத் தெரிவது கூவும் சிறுவனின் செம்மஞ்சள் தொப்பி. அதன்மேல் நீலமும் மஞ்சளுமாகச் சிறு புள்ளிகளை இட்டு அதனை மேலும் ஒளிரச் செய்திருக்கின்றார்.